அலேசியாருக்குப் போட்ட இலை

காலை நீட்டுங்க அண்ணாச்சி. கூச்சப்படாதிய. இது உங்களுக்குச் செய்யுததில்ல, அலேசியாருக்குச் செய்யுதது. இன்னைக்கு ஒரு மத்தியானத்துக்கு நீங்கதான் அலேசியாரு. ஆமா, உங்க பேரு சொரிமுத்துன்னு சொன்னிய, அது இருக்கட்டும். நெத்தியில திருநீறு இருந்தா என்ன? ரோமாபுரியில பொறந்த மனுசன் எங்க துறையில வந்து கோயில் கட்டிக் குடியிருக்காரு, அவருக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

அந்தக் காலையும் வையுங்க. தண்ணி ரொம்பச் சூடா இருக்கோ? ஏ இன்னாசி, ஒரு செம்பு பச்சத் தண்ணி கொண்டா.

விரலைக் கொஞ்சம் விரிங்க. ம். இல்ல. ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மா பாத்தேன். அப்புறம் சொல்லுதேன்.

பலகையில உக்காருங்க. நல்லாச் சம்மணம் போட்டு உக்காருங்க, பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு. இன்னைக்கு இந்த வீட்டுல மீன் வேவாது. சோறு, பருப்பு, கத்தரிக்கா, முருங்கைக்கா, அப்பளம், பாயசம். கடக்கரைக்கு வந்து மீன் இல்லாமச் சாப்பிட்டேன்னு ஊர்ல போய்ச் சொல்லாதிய, எங்களைச் சிரிப்பாவ.

எங்க வீட்டுக்காரவிய குடும்பத்து நேர்ச்சை இது. மாமியாருக்கும் முந்தின காலத்துல இருந்து நடக்கு. ஆடி பொறக்கையில அலேசியாரு திருநாளு வரும். அன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாப்புல போய் நிக்கணும். முன்னப் பின்ன தெரியாத ஆளு எவரு மொதல்ல இறங்குதாரோ அவரைக் கையோட கூட்டிட்டு வந்து, கால் கழுவி, இலை போடணும். அவரு சாப்பிடச் சாப்பிட அலேசியாரு கதையச் சொல்லணும். கதை முடியாம அவரு எந்திரிக்கப்படாது. அவரு எந்திரிக்காம வீட்டு ஆளு பல்லுல பச்சத் தண்ணி படப்படாது. தெரிஞ்ச ஆளை மட்டும் உக்கார வைக்கவே கூடாது, அதுதான் முக்கியம். நீங்க தூங்கிப் போயி ஒரு ஸ்டாப்பு முந்தியே இறங்கிட்டியளே, அது சும்மா நடந்துச்சின்னா நினைக்கிய?

கதையக் கேளுங்க. அலேசியாரு பெரிய இடத்துப் பிள்ளை. ஒத்தைக்கு ஒரு மகன். தின்ன ஆளில்லாம சொத்து கிடக்கு. ராசா வீட்டுச் சம்பந்தமா ஒரு பொண்ணைப் பாத்துக் கல்யாணம் பண்ணி வச்சாவ. விருந்தெல்லாம் முடிஞ்சு, பொண்ணு அறையில உக்காந்திருக்கா. மாப்பிள்ள உள்ள போனாரு. கையில கிடந்த மோதிரத்தைக் கழத்தி அவகிட்டக் குடுத்தாரு. ஆண்டவரு உன்னைக் காப்பாத்துவாருன்னு சொல்லிட்டு, அன்னைக்கே கப்பலேறிப் போயிட்டாரு.

ஆண்டவரு காப்பாத்துவாராம்! அப்ப இவரு எதுக்குய்யா மாலை மாத்துனாரு?

சாமியாரு பிரசங்கத்துல இந்த இடம் வந்தா, என்னே துறவு, என்னே தாழ்ச்சின்னு குரலை ஏத்துவாரு. நான் பொம்பளைய பக்கத்துல கடைசி பெஞ்சியில உக்காந்து பல்லைக் கடிப்பேன். அந்தப் பொண்ணு பேரு என்னன்னு ஒரு சாமியாராவது சொல்லியிருக்காரா? கேட்டுப் பாத்துட்டேன். அது முக்கியமில்லம்மாங்காரு. அவருக்கு என்ன, அவரு பேரு போட்டுத் திருநாளுச் சுவரொட்டி அடிச்சாச்சு.

பருப்புக்கு நெய் விடட்டுமா? விடுதேன், வேண்டாங்காதிய.

என்ன இன்னாசி? என்ன, வாசல்ல வந்து நிக்கே? மங்களூரு ரயிலா? அதுக்கு இன்னும் பஸ்ஸே வரல்லியே. குடத்துல தண்ணி நிறைச்சிட்டியா? நிறைச்சு வையி. அப்பளத்தை எடுத்துட்டு வா. பொறிச்சது அடுக்களையில மூடியிருக்கு பாரு.

அவனா? அவன் யாருமில்ல அண்ணாச்சி. இன்னாசின்னு பேரு. வீட்டுக்குப் பின்னால கூரை இறக்கின சாய்ப்புல கிடப்பான். இன்னைக்குன்னு பாத்து அவனுக்கு ஊருக்குப் போணுமாம். அக்கா மக மங்களூருல இருக்கா, கண்ணைப் பாக்க வரச் சொல்லியிருக்காளாம். கண்ணுல பூ விழுந்துட்டு அவனுக்கு. இனிமே அங்கதான் அப்படி இப்படின்னு காலையில என்னமோ சொன்னான். நான் பாயசத்துக்குத் தேங்கா துருவிட்டிருந்தேன், சரியாக் காதுல வாங்கல. திருநாளு அன்னைக்கா ஊருக்குப் போவாவ? நாளைக்குப் போனா ரயிலு ஓடாதா?

கதைக்கு வாரேன். போன இடத்துல அலேசியாரு உடுத்தியிருந்த பட்டைப் பரதேசிக்குக் குடுத்துட்டு, அவன் கந்தலை வாங்கிக் கட்டிக்கிட்டு, மாதா கோயில் வாசல்ல பிச்சைக்கு உக்காந்துட்டாரு. அவரு அப்பா ஆளு விட்டுத் தேடுதாரு. தேடி வந்த வேலைக்காரனுவளே இவருக்குப் பிச்சை போட்டுட்டுப் போறானுவ. அவனுவளுக்கும் தெரியல. இவரும் வாயைத் திறக்கல. தன் வீட்டு வேலைக்காரன்கிட்டக் கையேந்தினேனேன்னு இவருக்கு சந்தோசமாம். அதுதான் தாழ்ச்சியாம்.

எனக்கு வேற மாதிரி தோணும். சொன்னா பாவமோ என்னமோ. நான் அதை அழுத்தம்பேன். அங்க ஒரு பொண்ணு சன்னல்ல நிக்கா. இங்க இவரு வாயைத் திறக்கல. ஒரு வார்த்தை, நான் இன்ன இடத்துல இருக்கேன், எனக்காகக் காத்திருக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லிவிட்டா பரலோகம் இல்லன்னுடுவாவளா?

ஏன் இவ்வளவு கோபப்படுதேன்னு பாக்கிய. நான் அந்தப் பொண்ணுதான் அண்ணாச்சி. என் பேரு கித்தேரி. என் பேரையும் யாரும் சொல்லமாட்டாவ. ஊர்ல நான் ரெமிஜியுஸ் பொண்டாட்டி. ரெமிஜியுஸ் போனது எந்தக் காலமோ, நான் இன்னும் அவிய பொண்டாட்டிதான்.

எங்க கல்யாணம் தை மாசம். பாஸ்கு, அதான் ஈஸ்டரு, அது வரைக்கும் கூட அவிய வீட்டுல இருக்கல. மங்களூருல விசைப்படகுல ஆளெடுக்காவன்னு போனாவ. கூடப் போனவன்தான் இந்த இன்னாசி. ரெண்டு பேரும் ஒரே வலையில நின்னவனுவ. கரைக்கு வந்த ஒரு நாளு, டீ குடிச்சிட்டு வாரேன்னு இறங்கிப் போனவியதான். திரும்பி வரல. இவன் மட்டும் அவிய தகரப்பெட்டியத் தூக்கிட்டு இந்த வாசல்ல வந்து நிக்கான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? பெட்டிய இங்க வச்சிட்டு நீயே போயித் தேடிக் கொண்டான்னு கத்தினேன். போனான். மங்களூரு, கோவா, பம்பாயின்னு போயிப் போயி வந்தான். கையை விரிச்சிட்டு வந்தான். அப்புறம் போகல. எங்க மாமியாதான் சாய்ப்புல இருந்துக்கோன்னு சொன்னா. அப்படியே இருந்துட்டான்.

ஊர்ல ஆளுக்கொண்ணு சொல்லுவாவ. பம்பாயில குடும்பமா இருக்காம்பான் ஒருத்தன். செத்துப் போயிருப்பாம்பா இன்னொருத்தி. அவ நாக்கு அழுக. சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கல்லறையில எல்லாரும் மெழுகுதிரி கொளுத்துவாவ. அவிய பேருக்கு நான் ஒரு திரி கொளுத்தினது கிடையாது, கொளுத்த விட்டதும் கிடையாது. ஏன்னு கேட்டா, அலேசியாரு திரும்பி வந்தாரு, கேட்டியளா? அதைத்தான் சொல்ல வாரேன். திரும்பி வந்தாரு!

அங்க கோயில்ல மாதா சுரூபமே பேசி, இவரு பெரிய புண்ணியவாளன், உள்ள கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டு. உடனே கூட்டம் கூடிட்டு. இவருக்கு அது புடிக்கல. ராவோட ராவா அங்கயிருந்து கப்பலேறினாரு. காத்து மாறி அடிச்சுது. நம்ம கடக்கரை ஆளுக்குத் தெரியும், காத்து மாறினா நீ நினைச்ச இடத்துக்கா போவே? நேரா ரோமாபுரியிலயே கொண்டுவந்து தள்ளிட்டு. தாடியும் கந்தலுமா அப்பா முன்னால போய் நின்னாரு. ஐயா, ஊரு ஊரா அலையுத உங்க மகனை நினைச்சு, எனக்கு ஒரு மூலையும் மிச்சம் மீதிச் சோறும் தாங்கன்னு கேட்டாரு. அப்பாவுக்குக் கண்ணு கலங்கிட்டு. மாடிப்படிக்குக் கீழ ஒரு இடம் குடுத்தாரு.

நல்லாக் கேளுங்க. பெத்த தகப்பன். பெத்த தாயி. தாலி கட்டின பொண்டாட்டி. அந்தப் படி வழியாத்தான் ஏறி இறங்குதாவ. பதினேழு வருசம்! ஒருத்தருக்கும் தெரியலையாம். கண்ணு என்ன பொடதியிலயா இருந்துச்சு? வேலைக்காரனுவ பாத்திரம் கழுவின தண்ணிய அவரு தலையில ஊத்துவானுவளாம். பொறுத்துக்கிட்டாராம். சாப்பிடுங்க, கூட்டு எடுத்துக்கிடுங்க.

அதனாலதான் காலைப் பாத்தேன் அண்ணாச்சி. தப்பா நினைக்காதிய. அவியளுக்கு எடது கால்ல ரெண்டாவது விரலும் மூணாவது விரலும் ஒட்டியிருக்கும், பொறவியில. தாடி வளரும், முடி நரைக்கும், முகம் வத்திப் போகும். விரலு எங்க போகும்? அலேசியாரு மாதிரித்தான் அவியளும் ஒரு நாளு வருவாவ. வாயைத் திறக்கமாட்டாவ, அவ்வளவு அழுத்தம். திறக்காண்டாம். கால் கழுவுத சாக்குல நான் பாத்துப்புடுவேன்லா. அந்த ரோமாபுரிக்காரி மாதிரி நான் ஏமாறமாட்டேன்.

எத்தனையோ காலு பாத்தாச்சு. பித்த வெடிப்புக் காலு, ஆணிக்காலு, பூட்சு போட்டு வெளுத்த காலு. ஒரு வருசம் ஒரு சர்க்கஸ்காரன் வந்தான். ஒரு வருசம் தேர்தல் வேலைக்கு வந்த வாத்தியாரு. எல்லாரும் சாப்பிட்டுட்டு, நல்லா இருங்கம்மான்னு சொல்லிட்டுப் போயிருவாவ. அப்புறம் இந்த வீட்டுல பேச்சுக்குரல் கேக்கணும்னா அடுத்த ஆடி வரணும். உங்களுக்குத் தெரியாது, சாயங்காலம் கோயில் மணி அடிச்சு முடிஞ்சதுக்கப்புறம் இந்த வீடு எப்படி இருக்கும் தெரியுமா? கடல் சத்தத்தைத் தவிர ஒண்ணும் கிடையாது. போன மழைக்கு எனக்கு விசக்காச்சல். ஒரு மனுசரும் எட்டிப் பாக்கல. இன்னாசிதான் கஞ்சி வச்சுத் தந்தான், ஆசுபத்திரிக்கு ஆட்டோவுல ஏத்திட்டுப் போனான். வேற ஒரு நாதி கிடையாது.

இன்னாசிகிட்டயா? அவன்கிட்டப் பேசுததுக்கு என்ன இருக்கு? தண்ணி வந்துட்டா, கதவைச் சாத்திட்டியா, இன்னைக்குக் காத்து எப்படி. அவ்வளவுதான். அவன் தின்ன தட்டைக் கழுவிக் கவுத்திட்டுப் போயிருவான். நான் உள்ள சாப்பிடுவேன், அவன் சாய்ப்புல சாப்பிடுவான்.

ஒரு வேடிக்கை கேளுங்க. காலையில நான் பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்புதேன், எதுக்க வந்து நிக்கான். மதினி, இந்த ஒரு வருசம் என்னை உக்கார வச்சிருக்கலாம்லாங்கான். எதுலடான்னேன். பலகையிலங்கான். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. உன்னை உக்கார வச்சா நேர்ச்சை எப்படி நிக்கும், நீ தெரிஞ்ச ஆளுல்லான்னேன். ஆமா மதினி, தெரிஞ்ச ஆளுதான்னு சொல்லிட்டுப் போயி அடுப்புக்கு விறகு வெட்டினான். கிறுக்குப் பய. இந்த வயசுல பாயசத்துக்கு ஆசைப்படுதான்.

இந்தா, அப்பளம் வந்துட்டு. வையி இன்னாசி. இலைக்கு அந்தப் பக்கம் வையி, உனக்குக் கண்ணு தெரியலன்னா சொல்லு. என்ன? போயிட்டு வாரியா? சரி, சரி, பாத்துப் போ. அண்ணாச்சிக்கு ரசம் ஊத்தணும், நான் எந்திரிக்க முடியாது. போயிட்டு வா.

பாத்தியளா? நிலையில கையை வச்சிக்கிட்டு ஒரு நிமிசம் நிக்கான். என்னத்துக்கு நிக்கணும்? ஏதாவது சொல்லணும்னா சொல்லவேண்டியதுதான. இவனும் அழுத்தக்காரன்தான்.

எங்க விட்டேன்? ஆங், படிக்குக் கீழ. அங்க கிடந்துக்கிட்டு அவரு என்ன கேட்டாருங்கிய? பொண்டாட்டி தினம் அழுததைக் கேட்டாரு. மாடியில அவ அழுதா, கீழ இவருக்குக் கேக்கும். அவளும் வேற எங்கயும் போகல. தாய் வீட்டுக்குப் போம்மான்னு சொல்லியும் போகல. சோடியப் பிரிஞ்ச புறா மாதிரி இங்கயே இருந்துக்கிடுதேன்னுட்டா. அவ மாடியில, இவரு படிக்கட்டுக்குக் கீழ. நடுவுல பத்துப் பன்னெண்டு படி. அவ ஒருநாளாவது இறங்கி வந்து, நீ யாருப்பா, சாப்பிட்டியா, உனக்கு யாரு இருக்கான்னு ஒரு வார்த்தை...

என்ன கேட்டிய?

இன்னாசியா? சாப்பிடல. எப்படிச் சாப்பிடுவான், நீங்க இன்னும் எந்திரிக்கலையே. வீட்டு ஆளுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு, அவனுக்குக் கிடையாது. மாமியா இருக்கையிலயே சொல்லிப் பாத்தாச்சு, நீ சாப்பிட்டுக்கோடேன்னு. கேக்கமாட்டான். ஒவ்வொரு வருசமும் பட்டினியாத்தான் நிப்பான். நான் சாப்பிட்டதுக்கு அப்புறம்தான் அவன் சாப்பிடுவான்.

இன்னைக்கு... இன்னைக்கு அப்படியே போயிட்டான் போல. போற வழியில நாகர்கோயில்ல ஏதாவது வாங்கித் தின்பான். கைல காசு இருக்கா என்னமோ. சோறு வாங்குங்க, மோர் கொண்டு வாரேன். சாய்ப்புல உறியில இருக்கு, அங்கதான் கொஞ்சம் குளுமையா இருக்கும். இருங்க, எந்திரிச்சிராதிய. கதை இன்னும் முடியல.

அண்ணாச்சி.

சாய்ப்புல ஒண்ணுமில்ல. பாய் இல்ல. அவன் பை இல்ல. சட்டை போடுத கொடிக்கயிறு கூட இல்ல, அவுத்துச் சுருட்டிட்டுப் போயிட்டான். தரையைக் கூட்டித் தண்ணி தெளிச்சிருக்கான். அவிய தகரப்பெட்டிய மட்டும் துடைச்சிச் சுவரோரமா வச்சிருக்கான். நாலு நாளுக்கு ஊருக்குப் போறவன் எதுக்கு அண்ணாச்சி கூட்டித் தெளிக்கான்?

இனிமே அங்கதான்னு சொன்னான். சொன்னான். நான் தேங்கா துருவிட்டிருந்தேன்.

அட்ரஸா? எனக்கு எப்படித் தெரியும்? அக்கா மக பேரு கூடத் தெரியாது. போன் அவன்கிட்ட எங்க இருக்கு? இங்கதான இருக்கான், இவனுக்கு எதுக்குப் போனுன்னு நானும் நினைச்சதில்ல. அவனுக்கு வயசு என்ன, எந்தக் கண்ணு தெரியாது, ஒண்ணும் தெரியாது எனக்கு. ஊருல போற வாரவன் காலை எல்லாம் மடியில வச்சுப் பாத்திருக்கேன். அவன் காலு எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல அண்ணாச்சி.

அலேசியாரே, உமக்கு வைக்கேன் பாரும். நல்லாப் பண்ணினீரு. கடைசியில உமக்கு மணியெல்லாம் தானா அடிச்சுதாம், ஊரே ஓடி வந்துதாம். வந்து பாத்தா படிக்கட்டுக்குக் கீழ செத்துக் கிடக்கீரு. கையில இருந்த கடுதாசியப் படிச்ச அப்புறம்தான் அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சு என்ன செய்ய? மேல விழுந்து அழுதாளாம். அழத்தான் முடியும்.

ஹாரன் கேக்குதா? கேக்குதுல்லா? கோயில் முக்குல பஸ்ஸு திரும்புது. இந்த வழியாத்தான் வந்து ஸ்டாப்புல நிக்கும், ரெண்டு நிமிசம் கூட நிக்காது. என் முட்டிய வச்சுக்கிட்டு நான் வாசப்படி தாண்டுததுக்குள்ள போயிரும்.

எந்திரிங்க அண்ணாச்சி. தெரியும், கதை முடியல. நான்தான் சொன்னேன் எந்திரிக்கப்படாதுன்னு, நானே சொல்லுதேன் எந்திரிங்க. நேர்ச்சை கெட்டா கெட்டுட்டுப் போகட்டும், அதை நான் அவருகிட்டப் பேசிக்கிடுதேன். கையை அப்புறம் கழுவிக்கிடலாம், சோத்துக் கையோடயே ஓடுங்க. அந்தா தெரியுது பாருங்க மஞ்சள் கட்டடம், அதுக்கு எதுக்கதான் ஸ்டாப்பு. கையில நைலான் பை வச்சுக்கிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிட்டு ஒருத்தன் நிப்பான்.

என்ன சொல்லிக் கூப்பிடவா? என்னத்தச் சொல்ல. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு அண்ணாச்சி. ஐயோ, அதைச் சொல்லாதிய, நாலு பேரு நிப்பாவ. அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். கண்டக்டர்கிட்டச் சொல்லுங்க. வண்டியை எடுக்காதிய, எங்க வீட்டு ஆளு ஒருத்தரு காலையில இருந்து இன்னும் சாப்பிடல, இறக்கி விடுங்கன்னு சொல்லுங்க.